துரியோதனனின் நீண்ட கை

காட்பாடி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் வேலூர் வெயிலாகவே காய்கிறது.

என்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்துத் தெருக்கூத்தை வைத்து ஓர் அனிமேஷன் படம் செய்கிறேன். துரியோதனன் வேடக்காரரின் ஆட்டத்தை மோஷன் கேப்சரில், அதாவது உடலின் அசைவை மட்டும் கணினியில் பிடித்துக்கொள்ளும் முறையில், பதிவு செய்தோம். மூட்டுக்கு மூட்டு, ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவோம். சுற்றியுள்ள கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, மின்னுகிற புள்ளிகளை மட்டும் பின்தொடரும். உடலோடு ஒட்டிய கறுப்பு உடைதான் இதற்கு வழக்கம். அவரோ, கட்டை, அதாவது கூத்து வேடத்தின் மர அணிகள், கட்டாமல் ஆட்டம் வராது என்று சொல்லிவிட்டார். நியாயந்தான். கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் ஏறினால்தானே அந்தக் கழுத்து நிமிர்கிறது!

புஜக்கட்டையில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளும் மின்னின. கேமராக்கள் அவற்றையும் உருண்டைகள் என்றே எடுத்துக்கொண்டன. அவர் சுழலச் சுழல, திரையில் தோளுக்கு மேலே புள்ளிகள் கொத்துக் கொத்தாய்த் தோன்றி மறைந்தன. ஓரிடத்தில் முழங்கைப் புள்ளி அந்தக் கொத்தோடு இடம் மாறிவிட, புள்ளிகளை இணைத்துத் திரையில் ஆடும் எலும்புருவின் கை தலைக்கு மேல் நீண்டு, ஒரு கணம் நின்று, திரும்பியது. அப்படியே துரியோதனனின் ஆணவம்!

அந்தப் பிழையைத் துடைத்துவிடச் சொல்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். மாட்டேன். அதற்காக எல்லாப் பிழைகளையும் கலை என்று கொண்டாடவும் மாட்டேன். ஒரே ஃபிரேமில் மணிக்கட்டு முழுதாய்ச் சுற்றிக்கொள்வது வெறும் கோணக் கணக்கின் கோளாறு, திருத்திவிட்டேன். பாதம் தரையில் வழுக்குவதையும் விடவில்லை. ஊன்றாத காலுக்குச் சலங்கை எதற்கு? கண்ணாடி கொண்டுவந்த பிழை வேறு. அது வேடத்திலிருந்தே பிறந்தது.

1880களில் பிரான்சில் மாரே என்ற உடலியல் ஆய்வாளர், ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கைகால்களில் வெள்ளைக் கோடுகள் இட்டுப் படமெடுத்தார். உடல் மறைந்து அசைவு மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது நோக்கம். நடையை ஆராய அது போதும். கூத்தில் வேடத்தைக் கழித்தால் துரியோதனன் எங்கே?

செய்யாற்றில் உன் பெரியப்பாவின் பழைய கட்டைகள் இன்னும் பரணில் இருக்கின்றனவா? அடுத்த பதிவுக்கு அவை வேண்டும். சில்லுகள் உதிர்ந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், புதிதாக ஒட்டிவிடாதே. எப்போது வரலாம் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்