டக்கரா, பெலிஞ்சரா? மெட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

குவீன்ஸ், நியூயார்க்
டிசம்பர் 12, 2025

மதிப்புக்குரிய மெட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. ஸ்டீவ் கோயன், அணியை அமைக்கும் பொறுப்பிலுள்ள திரு. டேவிட் ஸ்டெர்ன்ஸ் இருவருக்கும்,

வணக்கம். தமிழில் எழுதும் மடலை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, 7-ஆம் நம்பர் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் வந்து உங்கள் மைதானத்தில் இறங்கும் ஆட்கள் சிலர் இருக்கிறோம். தோற்ற ராத்திரிகளில் நாங்கள் திட்டுவதும் தமிழில்தான். யோசனை சொல்வதையும் அதிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம் எங்களுக்கு நல்ல வாரமாக இல்லை. செவ்வாய்க்கிழமை, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்து வீசும் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். புதன்கிழமை நம் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் பீட் அலோன்சோ ஐந்து ஆண்டு, 155 மில்லியன் டாலருக்கு பால்டிமோருக்குப் போனார். மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தவர், 264. போன மாதம்தான் பிராண்டன் நிம்மோவை டெக்சஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். மூன்றும் சேர்ந்து வரும்போதுதான் வீட்டில் மரச்சாமான்களை எல்லாம் எடுத்துப்போன பிறகு நிற்கிற மாதிரி இருக்கிறது.

போனவர்களைப் பற்றி அழ இதை எழுதவில்லை. காலியான இடத்தில் யாரை நிறுத்தப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டில் லெஃப்ட், சென்டர், ரைட் என்று மூன்று இடம். ரைட் ஃபீல்டில் ஹுவான் சோட்டோ இருக்கிறார், 15 ஆண்டு, 765 மில்லியன். 43 ஹோம் ரன்னும் 38 ஸ்டோலன் பேஸும் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) எடுத்த மனிதரைக் குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் பந்து பிடிப்பதில் அவர் சுமார்தான். நிம்மோ நின்ற லெஃப்ட் ஃபீல்ட் காலி. சென்டரில் டைரோன் டெய்லர். கால் உண்டு, கை உண்டு, மட்டைதான் இல்லை. ஜூலைக் கடைசியில் வாங்கிய செட்ரிக் மல்லின்ஸ் நம் சட்டையில் .182 அடித்தார், அதாவது பத்துக்கு இரண்டு முறைகூட மட்டை பலிக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நம் மைனர் லீக் அணிகளிலிருந்து கார்சன் பெஞ்ச் வருவார் என்கிறீர்கள். வரட்டும். ஆனால் 22 வயதுப் பையன் தலையில் ஒரு சீசனையே தூக்கி வைக்காதீர்கள்.

சரி, சந்தையில் இருக்கும் அவுட்ஃபீல்டர்களில் பெரிய பெயர்கள் இரண்டு: கைல் டக்கர், கோடி பெலிஞ்சர். (உங்களுக்குத் தெரிந்ததுதான், ஐபிஎல் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே ஏலம் கிடையாது. மேஜர் லீகில் ஆறு வருட சேவையை முடித்து, கையில் ஒப்பந்தம் இல்லாமல் நிற்கும் ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம், எத்தனை வருடத்துக்கும் கையெழுத்துப் போடலாம். சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை, மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் அணி கட்டும் ஆடம்பர வரி மட்டும்தான்.)

முதலில் டக்கர். ஜனவரியில் 29 வயது ஆகிறது. 2022 முதல் 2025 வரை நான்கு முறையும் ஆல்-ஸ்டார். வாக் (நான்கு மோசமான பந்தை விட்டுவிட்டு இலவசமாக ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போவது) எத்தனையோ, ஏறக்குறைய அத்தனைதான் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது). மோசமான பந்தைத் தொடவே மாட்டார். 2023-இல் அமெரிக்கன் லீகில் 112 ஆர்பிஐ (தன் மட்டையால் அணிக்கு வரவைத்த ரன்) எடுத்து முதலிடம். மட்டையை மட்டும் பார்த்தால் இந்தக் குளிர்காலத்தில் அவரைவிட நல்ல அவுட்ஃபீல்டர் சந்தையில் இல்லை. இதில் யாரோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் 2024-இல் தன் மட்டையில் பட்டு விலகிய ஃபௌல் பந்தே முழங்காலுக்குக் கீழே பட்டு எலும்பு விரிசல் கண்டு, அந்த வருடம் ஆடியது 78 ஆட்டம். 2025-இல் சிகாகோ கப்ஸில் ஜூன் மாதம் கையில் மயிரிழை முறிவு. அது வெளியே தெரிந்தது ஆகஸ்டில். செப்டம்பரில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. 136 ஆட்டத்தில் 22 ஹோம் ரன். இவை துரதிர்ஷ்டமே தவிர உடம்பு தேய்ந்ததால் வந்தவை இல்லை என்று சொல்லலாம், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசப்படும் தொகை 400 மில்லியன். அந்தத் தொகைக்குப் பாதி ஒப்புதல் போதாது.

அப்புறம் இன்னொரு செலவு. கப்ஸ் அவருக்கு 22.025 மில்லியன் குவாலிஃபையிங் ஆஃபர் (பழைய அணி நீட்டும் ஒரு வருட ஒப்பந்தம்) கொடுத்து, அவர் மறுத்துவிட்டார். எனவே அவரை எடுக்கும் அணி டிராஃப்டில் (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் இடம்) விலை கொடுக்க வேண்டும். ஆடம்பர வரி கட்டும் நம்மைப் போன்ற அணிக்கு இரண்டாவது, ஐந்தாவது தேர்வுகள் போகும். வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் ஒரு மில்லியனும் போகும். பெலிஞ்சருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஆட்டக்காரருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்த ஆஃபரை நீட்டலாம். அவருக்கு 2023-லேயே நீட்டியாயிற்று. பெஞ்சைத் தேர்ந்தெடுத்ததே 2024 டிராஃப்டில்தானே? அந்த வாசலை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

இனி பெலிஞ்சர். இவருடைய கதையை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2017-இல் டாட்ஜர்ஸில் 39 ஹோம் ரன், சிறந்த புதுமுகம். 2019-இல் 47 ஹோம் ரன், எம்விபி (லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது). 2020 அக்டோபரில் அட்லாண்டாவுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துவிட்டு, சக ஆட்டக்காரரோடு முழங்கையை இடித்துக் கொண்டாடியதில் தோள்பட்டை நழுவியது. மறு வருடம் .165. அதற்கு மறு வருடமும் தேறவில்லை. சம்பளம் பேசாமலே டாட்ஜர்ஸ் விட்டுவிட்டார்கள். எம்விபி வாங்கி மூன்றே வருடம்! கப்ஸில் போய் .307 அடித்து எழுந்தார். 2025-இல் நம் ஊரின் இன்னொரு அணியான யாங்கீஸில் 152 ஆட்டம், 29 ஹோம் ரன், 98 ஆர்பிஐ. மே 18-ஆம் தேதி நமக்கு எதிராகவே ஒரு கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்), அன்று ஆறு ஆர்பிஐ. அன்று நான் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

எனக்குப் பிடித்தது அவருடைய மட்டை இல்லை. மேல் மாடியில், 500-களில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. முகம் தெரியாது, சட்டை எண்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் அவுட்ஃபீல்டு முழுவதும் வரைபடம் மாதிரி விரிந்து கிடக்கும். பந்து மட்டையில் பட்டதும் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் சென்டர் ஃபீல்டரின் முதல் எட்டைப் பார்ப்பேன். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நல்லவனின் இடுப்பு திரும்பியிருக்கும். சுமாரானவன் அரை நொடி நின்று யோசித்துவிட்டு, அப்புறம் ஓடி, கடைசியில் பாய்ந்து பிடித்துக் கைதட்டு வாங்குவான். போன செப்டம்பரில் லெஃப்டுக்கும் சென்டருக்கும் நடுவே பந்து விழும்போதெல்லாம், இருவர் தலையும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்புவது மேலிருந்து அப்படியே தெரிந்தது. பெலிஞ்சருக்கு அந்த முதல் எட்டு இருக்கிறது. சென்டர், லெஃப்ட், ரைட் மூன்றிலும் நிற்பார். போதாததற்கு ஃபர்ஸ்ட் பேஸும் ஆடுவார். புதன்கிழமையிலிருந்து நமக்கு ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் இல்லை என்பதை நினைவூட்ட வேண்டுமா?

டக்கர் வந்தால் ரைட் ஃபீல்டுக்கு இரண்டு பேர், சென்டருக்கு யாரும் இல்லை. இருவரில் ஒருவரை லெஃப்டுக்குத் தள்ளலாம், ஆனால் ஓட்டை அதே இடத்தில்தான் இருக்கும். ஜூன் 12 அன்று 45-24 என்று லீகிலேயே முதலிடத்தில் இருந்த அணி, 83-79 என்று முடித்து, கடைசி நாளில் மியாமியில் 4-0 தோற்று வீட்டுக்குப் போனது மட்டை இல்லாததால் மட்டும் என்று நான் நம்பவில்லை. பந்து வீசுவோரும் சரிந்தார்கள், பின்னால் பிடிப்போரும் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. ரன் தடுப்பதைப் பற்றி திரு. ஸ்டெர்ன்ஸ், நீங்களே இந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசுகிறீர்கள். அப்படியானால் அதற்கேற்ற ஆளை வாங்குங்கள்.

இப்போது என் வாதத்துக்கு நானே ஒரு குத்து விடுகிறேன். 2009 குளிர்காலம் நினைவிருக்கிறதா? அப்போதும் சந்தையில் இரண்டு லெஃப்ட் ஃபீல்டர்கள்: மேட் ஹாலிடே, ஜேசன் பே. பழைய நிர்வாகம் விலை குறைந்தவரைப் பிடித்தது. பேவுக்கு நான்கு ஆண்டு, 66 மில்லியன். ஹாலிடே ஏழு ஆண்டு, 120 மில்லியனுக்கு செயின்ட் லூயிஸுக்குப் போய் 2011-இல் கோப்பை வாங்கினார். பாஸ்டனில் ஒரே வருடத்தில் 36 ஹோம் ரன் அடித்த பே, இங்கே மூன்று வருடத்தில் அடித்தது 26. சுவரில் மோதித் தலையில் அடிபட்டதும் அதில் ஒரு பங்கு. நல்ல மனிதர், ஓடாத பந்துக்கும் ஓடினார். ஆனால் கணக்கு கணக்குதான். சிக்கனம் பார்த்தவன் இரண்டு தடவை செலவு செய்வான் என்று ஊரில் சொல்வார்களே, அதேதான் நடந்தது.

அப்படியானால் டக்கர்தான் இந்த வருட ஹாலிடே, பெலிஞ்சர் இன்னொரு பே என்று ஆகாதா? இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. என் பதில் இது. பே ஒற்றைக் காலில் நின்றவர். மட்டை மட்டும்தான் அவரிடம் இருந்தது. அது போனதும் மிச்சம் ஒன்றுமில்லை. 2005-இல் ஏழு ஆண்டு, 119 மில்லியனுக்கு வந்த கார்லோஸ் பெல்ட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் அவர் மட்டை தூங்கியது, ஆனால் சென்டர் ஃபீல்டு தூங்கவில்லை. மறு வருடம் 41 ஹோம் ரன். (அந்த 2006-இல் லீக் இறுதித் தொடரின் கடைசிப் பந்தை அடிக்காமல் நின்றாரே என்பவர்களோடு நான் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.) பெலிஞ்சர் பெல்ட்ரான் அளவுக்கு இல்லை. ஆனால் அதே ரகம்.

இனி விலை. இங்கேதான் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். யாங்கி ஸ்டேடியத்தில் ரைட் ஃபீல்டு மூலைக்கு 314 அடி. நம்முடைய சிட்டி ஃபீல்டில் 330. இடதுகைக்காரரான பெலிஞ்சர் பந்தை அசுர வேகத்தில் அடிப்பவர் இல்லை. ரைட் பக்கம் இழுத்துத் தூக்கி விடுவார். அந்த 16 அடி அவருடைய சாப்பாட்டில் ஒரு பிடியைப் பிடுங்கிவிடும். போன வருடம் உள்ளூரில் ஒரு பெலிஞ்சர், வெளியூரில் வேறொரு பெலிஞ்சர் என்றுதான் அவருடைய எண்கள் சொல்கின்றன. ஆகவே 29 ஹோம் ரன் அடித்தவருக்கு விலை பேசாதீர்கள். 22 அடிப்பவருக்குப் பேசுங்கள். அவருடைய முகவர் ஸ்காட் போராஸ் 2019 எம்விபியைப் பற்றிப் பேசுவார். கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டுங்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்பா கிளே பெலிஞ்சர் யாங்கீஸுக்கு ஆடியவர், குடும்பமே யாங்கீஸ் இருக்கும் பிராங்க்ஸ் பக்கம்தான் சாயும் என்ற பேச்சும் மேசைக்கு வரும். அதுவும் விலை ஏற்றும் வித்தைதான்.

பணம் என்னுடையது இல்லை, திரு. கோயன் உங்களுடையது. ஆனாலும் சொல்கிறேன். 2026-இல் ஆடம்பர வரியின் மேல் வரம்பு 304 மில்லியன். அதைத் தாண்டினால் ஒவ்வொரு டாலருக்கும் நீங்கள் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். அந்தப் படிநிலைக்கு உங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 28 மில்லியன் என்று பெலிஞ்சருக்குப் போட்டால் உங்கள் பையிலிருந்து போவது 58.8 மில்லியன். 40 மில்லியனுக்கு டக்கர் என்றால் 84. பத்து வருடத்துக்கு இப்படியே என்றால் எனக்கே மூச்சு வாங்குகிறது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும், எப்போதோ அணியை விட்டுப் போன பாபி போனியாவுக்குத் தள்ளிப்போட்ட சம்பளமாக 1,193,248 டாலரும் 20 சென்ட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், 2035 வரை. அவரும் 1991 டிசம்பரில் ஃப்ரீ ஏஜென்டாக வந்த அவுட்ஃபீல்டர்தான்.

ஆக, பெலிஞ்சருக்கு ஐந்து ஆண்டு கொடுங்கள். இரண்டு வருடம் கழித்து விலகிக்கொள்ளும் உரிமை கேட்டால் அதையும் கொடுங்கள். நன்றாக ஆடிவிட்டுப் போகிறவரால் நமக்கு நஷ்டமில்லை. ஏழாவது ஆண்டு என்ற பேச்சு வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். டக்கருக்கு நீண்ட ஒப்பந்தம் யாரும் நீட்டாமல், மூன்று நான்கு ஆண்டுக்கு அவர் இறங்கி வந்தால் மட்டும் என் மொத்த வாதத்தையும் குப்பையில் போட்டுவிட்டு அவரை எடுங்கள். குறுகிய காலத்துக்கு அந்த மட்டையை வேண்டாம் என்பவன் முட்டாள்.

இரண்டுமே நழுவினால் ஹாரிசன் பேடர் இருக்கிறார். 2024-இல் 10.5 மில்லியனுக்கு நம்மிடம் ஒரு வருடம் ஆடினார், முதல் எட்டு அவருக்கும் உண்டு. கேட்டுப் பாருங்கள், வருவார்.

திரு. ஸ்டெர்ன்ஸ், நீங்கள் மன்ஹாட்டனில் மெட்ஸ் ரசிகராகவே வளர்ந்தவர். அதனால் இந்த வாரம் உங்கள் வீட்டிலும் யாரோ முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் ஆட்டத்துக்கு எங்கள் இடம் வழக்கம்போல 500-களில், லெஃப்டுக்கும் சென்டருக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிக்கு நேர் மேலே. அங்கே யார் நிற்கிறார் என்று மார்ச்சில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல் மாடியிலிருந்து ஒரு குவீன்ஸ்வாசி