தோட்டத்து அமர்விடத்தில் போர்சிலின் டைல் பதித்த பணியில் உள்ள குறைபாடு குறித்த புகார்

கோயம்புத்தூர்,
18.11.2024

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: தவறாகப் பதிக்கப்பட்ட டைல்களைப் பெயர்த்து முறைப்படி மீண்டும் பதித்துத் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வேப்ப மரத்தை ஒட்டியுள்ள அமர்விடத்துக்கு, 60 செ.மீ. சதுரமும் 20 மி.மீ. கனமும் கொண்ட போர்சிலின் டைல்களைத் தங்களிடம் வாங்கி, தங்கள் ஆட்களைக் கொண்டே கடந்த ஆகஸ்டில் பதித்தோம். டைலின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆர்11 வழுக்கல் தடுப்புத் தரத்தில் வந்த அந்த டைல் மழை ஈரத்திலும் காலை நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது. அதைப் பதித்த விதம்தான் என் புகார்.

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையிலேயே நீர் தோட்டத்துப் பக்கம் வடியாமல் வீட்டுச் சுவரோரம் தேங்கி நின்றது. தங்கள் மதிப்பீட்டுத் தாளில் சுவரிலிருந்து வெளிப்புறமாக 80-க்கு 1 என்ற வாட்டம் எழுதப்பட்டுள்ளது. 12 அடி அகலத்துக்கு அது ஏறக்குறைய 1¾ அங்குல இறக்கம். ஆனால் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சுவரோரம்தான் தாழ்ந்திருக்கிறது. பல டைல்கள் மூலையில் மிதித்தால் ஆடுகின்றன, தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் ஓசை வருகிறது, இணைப்புகளில் நிரப்பிய கிரவுட் பொடிந்து உதிர்கிறது. கைத்தடி ஊன்றி நடக்கும் என் தாயார் மாலையில் காற்றாட உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தை அமைத்தோம். இப்போது அவரை அங்கே தனியாக விட எனக்குத் துணிவில்லை.

ஆடிய டைல் ஒன்றைத் தங்கள் மேற்பார்வையாளர் முன்னிலையிலேயே நெம்பி எடுத்தபோது, அது சிறிதும் ஒட்டாமல் அப்படியே கையோடு வந்தது. அடியில் ஐந்து இடங்களில் இட்லி அளவுக்குச் சிமெண்ட் கலவை குவிக்கப்பட்டிருந்தது, குவியல்களுக்கு இடையே மழைநீரும் எறும்புப் புற்று மண்ணும் இருந்தன. டைலின் பின்புறமோ பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

போர்சிலின் நீரை உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கு மேல் போகாது. அதனால் வெறும் மணலும் சிமெண்டும் கலந்த கலவை அதன் பின்புறத்தைப் பற்றிக்கொள்வதில்லை. பாலிமர் கலந்த டைல் பசையைப் பல் கரண்டியால் தரையிலும் டைலின் பின்புறத்திலும் தடவி, அடியில் வெற்றிடம் இல்லாமல் அமுக்கிப் பதிப்பதே முறை. அந்தப் பசைக்கான தொகையையும் மதிப்பீட்டில் சேர்த்து என்னிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இவ்வளவு கனமான டைலைப் பசையே இல்லாமலும் பரப்பலாம் என்று தங்கள் மேற்பார்வையாளர் விளக்கமளித்தார். பரப்பலாம்தான், ஆனால் அது வேறு முறை. கெட்டித்துச் சமன்செய்த பொடி ஜல்லியின் மேல் வைத்தால் டைலின் அடிப்பகுதி முழுவதும் தாங்கப்படுகிறது. பிளாஸ்டிக் தாங்கிகளின் மேல் வைத்தால் நான்கு மூலைகளும் தாங்கப்படுகின்றன. இங்கே குவியல்கள் உள்ளே தள்ளியிருப்பதால் மூலைகள் அந்தரத்தில் நிற்கின்றன, அதனால்தான் மிதித்தவுடன் ஆடுகின்றன. தோட்டத்து மண் இறங்கியதே காரணம் என்று பிறகு அவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் பெயர்த்த இடத்தில் கான்கிரீட் தளம் ஒரு விரிசலும் இன்றி உறுதியாக இருந்ததை அவரும் பார்த்தார்.

கிரவுட்டை மட்டும் மீண்டும் பூசித் தருவதாகத் தாங்கள் சொல்வது தீர்வாகாது. அடியில் பிடிப்பில்லாத டைல் அசையும்வரை எந்தக் கிரவுட்டும் நிலைக்காது, வாட்டமும் அதனால் திருந்தாது. ஆகவே எல்லா டைல்களையும் பெயர்த்து, பழைய கலவையைச் சுரண்டி நீக்கி, தளத்தில் முதலில் வாட்டத்தைச் சரிசெய்து, அதன்பின் மதிப்பீட்டில் உள்ளபடி பசை கொண்டு முழுமையாகப் பதித்துத் தர வேண்டும். சுவரை ஒட்டி வெயிலில் விரிவதற்கான இடைவெளி விட்டு, அதை நெகிழும் சீலண்டால் நிரப்ப வேண்டும். பெயர்க்கும்போது உடையும் டைல்களுக்கு அதே நிறத் தொகுப்பிலிருந்து மாற்று டைல் தர வேண்டும். இவற்றுக்கு என்னிடம் கூடுதல் கட்டணம் எதுவும் கோரக் கூடாது.

பணி தொடங்கும் நாளைக் குறிப்பிட்டு 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகல்கள், புகைப்படங்கள்