எந்த முயல் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த காட்டு விலங்குகள் கட்டுரையில், முயலுக்குப் போட்டிருந்த படம் வெள்ளை வெளேரென்று, சிவந்த கண்ணோடு, வளையிலிருந்து எட்டிப் பார்ப்பதாக இருந்தது. நம் காட்டில் அப்படியொரு முயல் கிடையாது. படத்தில் இருப்பது கூண்டில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை என்ற ரகம். அதன் மூதாதையரின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். ஆங்கிலத்தில் அதை ராபிட் என்றும், நம் கரட்டிலும் மானாவாரி நிலத்திலும் திரிவதை ஹேர் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நாம் இரண்டையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம்.

படத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கம் வலை, நாய், நெற்றி லைட்டு சகிதம் ஆட்கள் முயல் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், "பண்ணையில கிலோ கணக்குல விக்கிறாங்க, காட்டுல பிடிச்சா மட்டும் தப்பாங்க?" என்கிறார்கள். இவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. இரண்டும் ஒரே உயிர் என்று மனதார நம்புகிறார்கள். பண்ணை முயலை யாரும் வளர்க்கலாம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே முயல் வளர்க்கிறது. காட்டு முயலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. பிடித்தாலும் கொன்றாலும் கறியை விற்றாலும் குற்றம். சிறை வரை போகும். நம் பத்திரிகைகள் "முயல் கறியுடன் இருவர் கைது" என்று மொட்டையாகச் செய்தி போட்டால், படிப்பவர் குழம்பத்தானே செய்வார்?

இவை இரண்டும் ஒரே இனம், நிறம் மட்டும்தான் வேறு என்றும் நினைக்க வேண்டாம். பண்ணை முயலுக்கு 44 குரோமோசோம், காட்டு முயலுக்கு 48. இரண்டும் கலந்து குட்டி போடாது. நம்முடையது புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கரைந்துவிடும் பழுப்பு. பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். கருங்கழுத்து முயல் என்ற பெயரே அதனால் வந்தது. வாலின் மேல்புறமும் கறுப்பு. வளை தோண்டிக் குடியிருக்காது. பகலில் புதரடியில் உடம்பளவுக்குப் புல்லை அமுக்கிப் படுத்துக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகே மேயக் கிளம்பும். கிட்டத்தில் காலடி கேட்டாலும் கடைசி நொடிவரை அசையாது. மிதிக்கப் போகிற நேரத்தில்தான் துள்ளி ஓடும்.

வள்ளுவர் 772ஆம் குறளில் வெறுமனே முயல் என்று எழுதவில்லை, "கான முயல்" என்றார். அந்த அடைமொழி இன்றைக்கும் உதவும். செய்தியானாலும் படமானாலும் சமையல் குறிப்பானாலும் காட்டு முயல், பண்ணை முயல் என்று பிரித்து அச்சிடும்படி உங்கள் ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இதில் உங்களுக்கு ஆகும் செலவு ஒரு சொல்.

குட்டிகளைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் புண்ணியமாகப் போகும். பண்ணை முயலின் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறப்பது. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு இருக்கும். தாய் அதைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத் தள்ளியே இருக்கும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வந்து பால் கொடுக்கும். கடலைக்காட்டில் களை எடுக்கும்போது உள்ளங்கையளவு குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பாவம், தாயில்லாத குட்டி என்று வீட்டுக்குத் தூக்கி வந்து பசும்பால் புகட்டுகிறார்கள். அது வயிறு உப்பிச் செத்துப்போகிறது. கண்ட இடத்திலேயே விட்டு, அந்த நாலு வரிசையை மட்டும் மறுநாள் களை எடுத்தால் போதும். களை எடுப்பு தொடங்கும் முன்பே இது அச்சில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
துறையூர் வட்டம், திருச்சி மாவட்டம்.