நீக்கப்பட்ட கட்டுரைக்கும் மதிப்பெண் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்வது கல்லூரிகளில் பழகிப்போன ஒன்று. 2007இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி வரலாற்றுத் துறை அதை விதியாகவே ஆக்கியது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. எந்தக் கலைக்களஞ்சியமும், அச்சில் வந்ததாயினும், ஆய்வுக் கட்டுரைக்கு முதன்மை ஆதாரம் ஆகாது. ஆனால் அதை மேற்கோள் காட்டுவது வேறு, அதில் எழுதப் பழகுவது வேறு. இரண்டாவதைப் பாடப்பணியாக வைக்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் வழங்கும் முறை குறித்தே இக்கடிதம்.

வழக்கமான பருவக் கட்டுரையில் மாணவர் தம் கருத்தை நிறுவ வேண்டும். கலைக்களஞ்சியத்திலோ சொந்த ஆய்வுக்கு இடமே இல்லை. "அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்" என்று எழுதினால், எந்த அறிஞர், எந்த நூலில் என்று முன்பின் அறியாத ஒருவர் கேட்டுவிடுவார். அதே கேள்வியை வகுப்பில் நான் கேட்டால் மாணவர் மழுப்பிவிட முடியும். கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் கேட்கப்படும்போது ஆதாரம் தந்தாக வேண்டும், இல்லையேல் அந்த வரி நிற்காது. படித்ததைத் தம் சொற்களில் சுருக்குவதும், கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் அதற்குரிய இடமளித்து எழுதுவதும், ஆசிரியர் ஒருவர் மட்டும் படித்துவிட்டுக் கட்டி வைக்கும் தாள்களால் வந்துவிடும் பயிற்சிகள் அல்ல.

இப்பணி தவறாகப் போனதற்கும் சான்று உண்டு. 2011இல் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் நடந்த முன்னோட்டத் திட்டத்தில், நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே படியெடுத்த பத்திகள் குவிந்து, அவற்றைத் தேடி நீக்கும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்ததால், திட்டம் அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. மாணவர்கள் பலர், வழிகாட்ட வந்தவர்களிலும் பலர் தொகுத்தலுக்கு, அதாவது விக்கிப்பீடியாவில் எழுதித் திருத்தும் வேலைக்கு, புதியவர்கள். மாணவர்களை மட்டும் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமாகாது.

இதற்கு மாறாக, 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்று எழுதிய கட்டுரைகளில் சில, சிறப்புக் கட்டுரை என்னும் உயர்தகுதியையே எட்டின. அங்கே கட்டுரை பெறும் தகுதியே மாணவரின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் என்று ஆசிரியர் அறிவித்திருந்தார். அனுபவமுள்ள தன்னார்வலர்கள் உடனிருந்து உதவியதால் அது பலித்தது. அந்த உதவி எல்லா வகுப்புக்கும் கிட்டாது என்பதால், இம்முறையைப் பொதுவிதியாகக் கொள்வது சரியன்று என்பது என் கருத்து. நன்றாக எழுதிய கட்டுரையைக்கூடத் தலைப்பு போதிய அளவு குறிப்பிடத்தக்கதன்று என்று கூறி யாரேனும் நீக்கச் செய்யலாம். அரைகுறையாக எழுதியதை வேறொருவர் செப்பனிட்டுச் சிறப்பாக்கலாம். இரண்டிலும் மதிப்பெண் தவறான இடத்துக்கே போய்ச் சேரும்.

ஆகவே கட்டுரையை விட்டு, அதன் பக்க வரலாற்றுக்கு மதிப்பெண் இடுவதே தகும். யார், எந்த நேரத்தில், எதைச் சேர்த்தார், எதைத் திருத்தினார் என்பது அங்கே வரி வரியாகப் பதிவாகிறது. கடைசி இரவில் மொத்தமாக ஒட்டப்பட்ட பத்தியும் தெரியும், பல வாரங்கள் சிறிது சிறிதாக வளர்ந்த பத்தியும் தெரியும். ஒரு கணக்கை ஒருவரே பயன்படுத்த வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் விதியாதலால், குழுப்பணியில் உழைக்காதவர் பிறர் நிழலில் ஒளியவும் வழியில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டியது: கட்டுரை முழுதும் நீக்கப்பட்டால் அதன் வரலாறும் நிர்வாகிகள் தவிர மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும். எனவே முதல் வரைவை மாணவர் தம் மணல்தொட்டியில், அதாவது பயனர் கணக்கோடு உள்ள பயிற்சிப் பக்கத்தில், எழுதி, ஆசிரியர் அதைப் பார்த்த பின்னரே பொதுப்பக்கத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எழுதியதை, கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தின்கீழ், மூலத்தைக் குறிப்பிட்டு உலகில் எவரும் எடுத்தாளவும் மாற்றவும் முடியும் என்பதைப் பணி தொடங்கும் முன்பே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். உண்மைப் பெயரைப் பயன்படுத்துமாறு வற்புறுத்தக் கூடாது. பொதுவெளியில் எழுத விரும்பாதவருக்கு மாற்றுப் பணி இருக்க வேண்டும். பணியை அறிவிக்கும் ஆசிரியரும், ஒரு கட்டுரையையேனும் முன்னதாகத் தாமே தொகுத்துப் பார்த்திருப்பது அவசியம்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்