சூடை எழுதுகிறேன்

டேய் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்ல எல்லாரும் சுகம்தானே? பெருநாளைக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடல. திட்டணும்னா இந்த வரியிலயே திட்டி முடிச்சுக்க, எனக்குப் புலம்ப நிறைய இருக்கு.

மார்ச்ல ரத்தம் பார்த்தேன். மூணு மாசச் சராசரிச் சர்க்கரை 6.1. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் எல்லைக்கோடாம், 6.5ஐத் தொட்டா சர்க்கரைக்காரன். எடையில 7 சதவீதம் இறக்கினாலே நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் 94 கிலோவுக்கு ஆறரை கிலோ. சிரிக்காதே. ஆமா, பொடி மீன் பேரை எனக்கு வச்சீங்களே, அதே சூடைதான்.

சென்னையில நாலு கிலோ இறக்கிட்டேன். அப்புறம் ராத்தா மக கல்யாணத்துக்குக் கீழக்கரை வந்தேன்.

வந்ததோ மே மாசம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனோட விலையைக் கேட்டாலே பசி அடங்கிடும். வேற நாளா இருந்தா ரெண்டு துண்டு பாரையோட ஒதுங்கியிருப்பேன். இப்ப காலையில இடியாப்பமும் கறிக்குழம்பும், மதியம் நெய்ச்சோறு, நடுவுல எந்த வீட்டுக்குப் போனாலும் முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்ட இனிப்பு வட்டிலப்பம்.

தனித் தட்டுன்னா சமாளிக்கலாம்டா. மெல்ல மென்னுட்டு, முதல் ஆளா கை கழுவ எழுந்துடலாம். சஹன்ல என்ன பண்றது? ஒரே பெரிய தட்டைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்திருக்கோம். எதிர்ல பெரிய மாமா. கறியை விரலால பிச்சு என் பக்கம் தள்றார். நான் பக்கத்துல இருக்கிற மச்சானுக்குத் தள்றேன். அவன் மரியாதையா மாமாவுக்கே தள்றான். ஒரே எலும்பு மூணு சுத்து வந்துச்சுடா! கடைசியில மாமா சோத்துக் கரையை உடைச்சு என் பக்கம் சரிச்சு விட்டார். கடற்கரையில நாம தோண்டுற குழி ஓரம் இடிஞ்சு விழுமே, அப்படி. டயட்ல இருக்கேன் மாமான்னேன். "கல்யாணம் முடியட்டும், களா வச்சுக்கலாம்"னார், ஏதோ விட்ட நோன்பை அப்புறம் பிடிக்கிற மாதிரி.

டயட்டுங்கிற வார்த்தையை எடுத்திருக்கவே கூடாது. அதைக் கேட்டதும் ஆளாளுக்கு முகம் சுருங்குது, சமையலைக் குறை சொன்ன மாதிரி. சர்க்கரைன்னு சொன்னா இன்னும் மோசம், வீட்டுக்கு ஒரு வைத்தியம். வயிறு சரியில்லைன்னா மட்டும் சுக்குக் கஷாயத்தோட விட்டுடறாங்க. உனக்கும் உதவும், குறிச்சு வச்சுக்க.

எதுக்கும் மசியாதது மாமி. உனக்குத் தெரியாதா. அல்வா மாதிரி தொதல் கிண்டி வச்சுக்கிட்டு, "கருப்பட்டிதானேடா, சீனியா போட்டேன்?"ங்கிறாங்க. ரத்தத்துக்குப் போனா ரெண்டும் ஒண்ணுதான் மாமின்னு சொன்னதுக்கு, "நாலெழுத்துப் படிச்சுட்டா இப்படித்தான்"னு இன்னொரு துண்டு வச்சாங்க. எரிச்சலா இருந்துச்சு. ராத்தாகிட்ட கத்திட்டேன்கூட.

அன்னைக்கு ராத்திரி தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போறேன், மாமி தனியா நிக்கிறாங்க. சட்டி ஓரத்துல ஒட்டினதைக் கரண்டியால சுரண்டி, மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பார்த்துட்டு, திரும்பச் சட்டியிலயே தட்டி விடறாங்க. வாயில வைக்கல. அப்பதான்டா எனக்கு உறைச்சுது, மாமிக்குச் சர்க்கரை வந்து கால் விரல் எடுத்தது. நீயும் நானும்தானே ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக் கிடந்தோம்? அதுக்கப்புறம் இனிப்பைத் தொடவே பிள்ளைங்க விடல போல.

"நாலு வருஷமா கைக்கணக்குலதான் கிண்டுறேன். தின்னவங்க எல்லாம் நல்லாருக்குன்னுட்டுப் போயிடறாங்க. நீதான் சின்ன வயசுலேயே குத்தம் சொல்லித் திங்கிறவன்"னாங்க.

நகத்தளவு எடுத்து வாயில போட்டேன். தேங்காய்ப்பால் எவ்வளவு தெரியுது, எண்ணெய் எப்படிப் பிரிஞ்சிருக்கு, பல்லுல ஒட்டுதா, ஏலக்காய் முன்னால வருதா பின்னால வருதான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. கால் மணி நேரம் பதில் சொன்னேன். இன்னொரு துண்டு வைக்கவே இல்ல.

ஆனாலும் ஊர்லேர்ந்து கிளம்புறதுக்குள்ள ஒன்றரை கிலோ ஏறியாச்சு, மாமா புண்ணியத்துல.

சனிக்கிழமை அந்தச் சஹன் மச்சான் திருச்சி வர்றான். அவன் கையில உனக்கு ரெண்டு கிலோ தொதல், எனக்குன்னு மாமி கட்டிக் குடுத்தது. தின்னுட்டு அவங்களுக்கு ஒரு போன் போடு. சூப்பர்னு ஒரே வார்த்தையில வச்சுடாதே. லேசா அடி பிடிச்சிருக்கு, நான் சொல்லல. நீ சொல்லு.

உன்
சூடை