விளையாட ஓர் இடம் கேட்டு: கொங்கு வட்டார உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு வட்டாரத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று உங்களிடம் வரும் மனுக்களோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்றாகவே இந்த மடலை எழுதுகிறேன். வேலை முடிந்து வருகிறவர்களும், வேலையிலிருந்து ஓய்ந்தவர்களும், வீட்டில் பேச்சுத் துணையின்றி இருப்பவர்களும் உட்கார்ந்து தாயமோ கேரமோ ஆட வார்டுக்கு ஓர் இடம் வேண்டும். போட்டி நடத்தும்படி கேட்கவில்லை, கோப்பையும் கேட்கவில்லை. ஆடத் தெரிந்தவரும் தெரியாதவரும் வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகக்கூடிய ஒரு நிழலும் ஒரு விளக்கும்தான் கேட்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல எங்கள் வாசலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வீடுகளுக்குப் பொதுவான சிமென்ட் வாசல் அது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு சாக்கட்டியால் அதில் தாயக்கரம் வரைவோம். தாராபுரத்துப் பக்கமிருந்து வந்த பாட்டி ஒருவரிடம் பழைய பித்தளைத் தாயக்கட்டைகள் இருக்கின்றன. உள்ளங்கைகளுக்கு நடுவில் உரசி அவர் உருட்டிவிடும்போது எழும் ஓசை கடைசி வீடு வரை கேட்கும். அந்தக் கடைசி வீட்டில்தான் கணவரை இழந்த ஓர் அக்கா இருந்தார். வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். துக்கம் விசாரிக்கப் போனவர்களிடம் அவரால் பேச முடியவில்லை. ஒருநாள் நான்காவது ஆள் வராததால் பாட்டி அவர் கதவைத் தட்டி, "ஏனுங் கண்ணு, ஆளு ஒண்ணு கொறையுது, சும்மா வந்து உருட்டிட்டுப் போ" என்று அழைத்தார்.

வந்தார். கட்டையை உருட்டுவதோடு சரி. காயை நகர்த்துவதைப் பக்கத்தில் இருந்தவரே செய்தார். தாயம் விழுந்து அவர் காய் கட்டத்தில் இறங்கியபோதும் முகத்தில் மாற்றமில்லை. இப்படி ஐந்தாறு ஞாயிறுகள் போயின. பிறகு ஒருநாள், சுற்றி முடித்துப் பழமாவதற்குச் சில கட்டங்களே இருந்த அவருடைய காயை எதிரணியினர் வெட்டி எடுத்தபோது, அவர் கரத்தின்மேல் கையை வைத்து மறித்தார். "அது மலைங்க. மலையில இருக்கற காயை எப்படி வெட்டுவீங்க?" என்று அவர் கேட்ட குரலில் வாசலே ஒரு கணம் அடங்கிவிட்டது. மலை என்றால் காயை வெட்டக் கூடாத கட்டம். வழக்கு அவர் பக்கம் முடிந்து காய் திரும்பவும் கட்டத்துக்கு வந்தது. கணவர் போன பிறகு அவர் உரக்கப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். இன்று கரம் வரைவதே அவர்தான்.

அவருக்கு நாங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் எங்களுக்குத் தெரியவில்லை. நான்கு பேர் இருந்தால்தான் ஜோடி சேர்ந்து ஆட முடியும், அதற்கு அவர் வேண்டியிருந்தார், அவ்வளவுதான். தன் சொந்தக் கதையைத் திறந்து வைக்காமலேயே மற்றவர்களோடு ஒரு மணி நேரம் இருப்பதற்கு விளையாட்டைப் போல் எளிதான வழி வேறொன்றை நான் கண்டதில்லை.

இதை ஒரு வாசலின் அனுபவம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகிறது. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பலகை விளையாட்டுகள் ஆடியவர்களிடம் மறதி நோய் குறைவாகவே காணப்பட்டது; வாசிப்பவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், நடனம் ஆடுபவர்கள் ஆகியோரிடமும் அப்படியே. விளையாட்டுதான் நோயைத் தடுத்தது என்று இதிலிருந்து அடித்துச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் நினைவு மங்கத் தொடங்கியவர்கள் முன்கூட்டியே ஆட்டத்தை விட்டிருக்கவும் கூடும். ஆனாலும், வயதானவர்களைத் தொலைக்காட்சி முன்னால் விட்டுவிடுவதைவிட, பல்லாங்குழியின் 14 குழிகளில் காய்களை எண்ணிப் போடவைப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தேனி, மதுரைப் பக்கத்திலிருந்தும் ஒடிசா, பிகாரிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஒரே மேசையில் துணி மடிக்கிறார்கள், ஆனால் கம்பெனி வாசலைத் தாண்டியதும் அவரவர் அறைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் தெருமுனை பேக்கரியின் ஓரத்தில் முன்பு ஒரு கேரம் போர்டு கிடந்தது. பலகை 74 சென்டிமீட்டர் சதுரம்தான். முழங்கால் இடிக்காமல் நான்கு பேர் அதைச் சுற்றி உட்கார முடியாது. தமிழ் தெரியாத பையன்களும் இந்தி தெரியாத நம் ஆட்களும் "ரெட்டு", "பாலோ" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மாலை முழுதும் ஆடுவார்கள். ஆட்டத்தில் பழகியவர்களுக்குள்தான் பிறகு ரத்தம் கொடுக்க ஆள் தேடுவதும், காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி கொண்டுபோவதும் நடந்தன. கடையை விரிவாக்கியபோது போர்டு போய்விட்டது. அது கடைக்காரரின் இடம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். டீ வாங்கினால்தான் உட்காரலாம், பெண்கள் உட்காரவே முடியாது என்ற இடத்தை நம்பி ஒரு தெருவின் உறவு நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

அந்தக் காலத்தில் கோயில் மேடையும் அரசமரத்தடியும் இருந்தனவே என்று சிலர் கேட்கலாம். இருந்தன, ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைப் பழைய கோயில்களின் கல்தளங்களில் இன்றும் பார்க்கலாம். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் சேர்ந்து மடக்கும் அந்த ஆட்டத்தை நானும் அப்படியொரு தளத்தில்தான் கற்றேன். ஆனால் ஊர்ப் பொது என்று சொல்லப்பட்ட மேடை எல்லாச் சாதியினரும் உட்காரும் மேடையாக எல்லா ஊரிலும் இருந்ததில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவேதான் அரசின் இடத்தில், யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்ல முடியாத இடத்தில், இதை அமைக்குமாறு கேட்கிறேன்.

நான்கு பேர் கூடி உட்கார்ந்தாலே சூதாட்டம் என்று சந்தேகிக்கும் வழக்கமும் இருக்கிறது. பணம் வைத்து ஆடுவதால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால் அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது சரியே. ஆனால் பணமின்றி ஆடும் இடம் வெளிச்சத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், மறைவிடங்களைத் தேடிப் போகிறவர்களில் சிலராவது இங்கே வருவார்கள்.

இடம் இல்லாமல் இல்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுக்கிய ரிசர்வ் சைட்டுகளில் முள் முளைத்துக் கிடப்பவை எத்தனை என்பதை உங்கள் அலுவலர்களே அறிவார்கள். அவற்றில் ஒன்றில் கூரை போட்டு, தரையிலேயே தாயக்கரமும் ஆடுபுலிக் கட்டமும் வரைந்து, இரண்டு கேரம் போர்டும் குடிநீரும் கழிப்பறையும் வைத்தால் போதும். ஊராட்சிகளில் நூலகத் தாழ்வாரத்தையே இதற்குத் திறந்துவிடலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம். பெண்கள் தயங்காமல் வர வேண்டுமானால் பொறுப்பாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

நேரத்தையும் கருதுங்கள். எங்கள் பகுதிப் பூங்காவில் நல்ல சிமென்ட் மேசைகள் இருக்கின்றன. ஆனால் இரவு 8 மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிவது 8.30-க்கு. அந்தப் பூட்டை 10 மணிக்குப் போடச் சொன்னால், செலவேதும் இல்லாமல் இந்த மடலின் முதல் வேண்டுகோள் நாளையே நிறைவேறும். தாயக்கட்டை எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பூர்த் தொழிலாளி ஒருத்தி