எந்த நூற்றாண்டு நைஸ்?

அன்புள்ள சீனு,

இங்கு எல்லோரும் நலம். கமலத்துக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பட்டாணி ஒருவழியாக ஓய்வு பெற்றுவிட்டான். அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

இனிச் சண்டை. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை உனக்கு அனுப்பினேன். நீ எழுதிய பதில் "நைஸ்." அவ்வளவுதான். மூக்குப்பொடியார் இருந்திருந்தால் உன்னைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார்.

கோபத்தோடு அகராதியைப் புரட்டப்போய், கோபமே மறந்துபோயிற்று. அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கேள். லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'முட்டாள்' என்றுதான் பொருள். அப்புறம் ஒழுக்கம் கெட்டவன், கூச்சக்காரன், எதிலும் நொட்டை சொல்பவன் என்று வேடம் மாற்றி மாற்றி, 16ஆம் நூற்றாண்டில் 'நுணுக்கமான' என்றாயிற்று. 'இனிய, நல்ல' என்பதெல்லாம் 18ஆம் நூற்றாண்டுச் சங்கதி. 1817இல் வெளிவந்த நாவலிலேயே ஜேன் ஆஸ்டினின் ஹென்றி டில்னி அதைக் கேலி செய்கிறான்: பொழுதும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸ், எதற்கும் ஆகிற சொல்!

ஆங்கிலேயர் பேச்சில் அருகிவிட்ட அந்த நுணுக்கம் நம் அடுப்படியில் சௌக்கியமாக இருக்கிறது. "மாவை நைஸாக அரை" என்கிறாள் கமலம். திப்பி தட்டக்கூடாது என்று அர்த்தம். நைய அரைப்பது என்ற நம் வழக்கும் பக்கத்தில் நின்று கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். மொய் எழுதும் இடத்திலிருந்து நீ நைஸாக நழுவுவாயே, அந்தக் கள்ளத்தனம் ஆங்கிலத்தில் இல்லை. அது நம் கைவரிசை.

இனி விளையாட்டில்லை. அதே கடிதத்தில் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றியும் "நைஸ் பையன்" என்று எழுதி முடித்துவிட்டாய். எந்த நூற்றாண்டு நைஸ்? கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வான், அம்மாவுக்கு எதிரில் வாய் திறப்பானா, ஒன்றும் இல்லை. முக்கியமாக, குழந்தை என்ன சொல்கிறாள்? அவளைக் கேட்டாயா? என் கட்டுரை உன் ஒற்றைச் சொல்லைத் தாங்கும். இது தாங்காது, சீனு. நிச்சயத்துக்கு முன் அவனோடு ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு ரயில் பயணம் போய் வா. துணைக்கு நான் வருகிறேன். ஆனி பிறக்கும்வரை எனக்கு வேறு ஜோலி இல்லை. தேதியைச் சொல், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமு